நோயா, திமிரா

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். பஸ் கிளம்பியதும் தங்கை சொன்னாள்:

"நோயின்னா நேந்துக்கலாம், திமிருன்னா அடிக்கலாம். நான் ரெண்டும் செஞ்சிட்டேண்ணே. இனி என்ன செய்யன்னு தெரியல."

அவள் மகன் போதை மாத்திரைக்குப் பழகி, இப்போது திண்டுக்கல்லில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறான் என்பது பேச்சில் புரிந்தது. அன்று வாசல் வரை போயும், அவனைப் பார்க்க மனசில்லாமல் திரும்பியிருக்கிறாள்.

"சுகர் மாதிரி இதுவும் நோயாம். டாக்டர் சொல்றாரு" என்றாள்.

"சுகர் வந்தவன் பெத்தவளப் புடிச்சுத் தள்ளுவானா? மனசு வச்சா விட்டுறலாம். நான் குடிய விடல?"

"நீ விட்ட. நம்ம அய்யா விடாமலே செத்தாரு. அப்ப அவருக்கு மட்டும் நோயா?"

அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"இப்பவும் ஒயின்ஷாப் இருக்கிற ரோட்டுல நான் போறதில்ல ஆத்தா. சுத்தித்தான் வீட்டுக்கு வாரேன். அந்தப் பக்கம் போனா உள்ள நுழைஞ்சிருவேன்."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"அப்ப அது நோயா, திமிரா?"

"எனக்கே வெளங்கல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவனுக்கும் வெக்கமா இருக்குமோ?"

சாணார்பட்டியில் பஸ் நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற? நத்தம் இன்னும் வரல."

"திரும்பப் போயி அவனப் பாக்குறேன். நீயும் வாண்ணே. இப்பச் சொன்னத அவங்கிட்டயும் சொல்லு."

அவர் சற்றுத் தயங்கிவிட்டு, அவள் பின்னாலேயே இறங்கினார். பஸ் நகர்ந்தபோது, இருவரும் திண்டுக்கல் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள்.