மூன்று எண்ணும் நேரம் எரிந்த விளக்கு

முதலில், தேநீருக்கு நன்றி. இந்தக் கட்டடத்தில் நான் வேலை பார்த்த முப்பத்தைந்து வருஷமும் தேநீர் என்ற பெயரில் வெந்நீர்தான் கிடைத்தது, இப்போது பரவாயில்லை. விசாரணைக்கு வரச் சொல்லி நீங்கள் எழுதிய முதல் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்கு முழங்கால் வலிதான் காரணம். செண்டாய் நகரில் ஈரக்காற்று தொடங்கிவிட்டால் என்னால் படி ஏற முடியாது. மூன்றாவது கடிதத்தோடு அந்தப் புது வரைபடத்தையும் வைத்திருந்தீர்கள். அதைப் பார்த்த பிறகு வலி அவ்வளவாகத் தெரியவில்லை.

குசகாபே என்னைவிட மூன்று வயது இளையவன். பேராசிரியர் ஓனுமாவின் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் தற்காலிக உதவியாளர்கள், எதிரெதிர் மேசை. அவன் மனைவி சதோகோ தினமும் மூன்று சோற்றுருண்டை கட்டிக் கொடுப்பாள். இரண்டு அவனுக்கு, ஒன்று எனக்கு. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன்.

"மினெகிஷி-சான், இதச் சாப்பிட்டதும் உங்க மூஞ்சில ஒரு சின்னச் சிரிப்பு வருது. வேற எப்பவும் வர்றதில்ல. அதுக்காகத்தான் சதோகோ ஒன்னு கூட வெக்கிறா" என்று என்னிடம் சொல்வான் குசகாபே.

உங்கள் குழுவில் வக்கீல் அம்மா ஒருவர் இருக்கிறார். அவருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாங்கள் அளந்தது நகத்தில் பாதி அளவுள்ள ஒரு குறைக்கடத்திச் சில்லு. அதற்குள் காகிதத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு மெல்லிய ஓர் இடுக்கு. குவாண்டம் கிணறு என்போம். அதில் மாட்டிய எலக்ட்ரான்கள் மேலே கீழே போக முடியாது, பக்கவாட்டில்தான் ஓடும். திரவ ஹீலியத்தில் குளிரவைத்துக் காந்தப்புலத்தை ஏற்றினால் அவை வட்டமடிக்கும். அப்போது மின்னழுத்தம் சரிவாக ஏறாமல், வரைபடத்தில் படிக்கட்டு மாதிரி ஏறும். சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. அதைக் கொஞ்சம் எரித்தால் கிணற்றில் எலக்ட்ரான்கள் கூடும். அதிகம் எரித்தால் கிணற்றுக்கு வெளியிலும் மின்சாரத்துக்கு வழி திறந்து, படிகள் கலங்கிவிடும். விளக்கை அணைத்தாலும் சில்லு பழைய நிலைக்குத் திரும்பாது. சூடேற்றி, மறுபடி குளிரவைக்க வேண்டும். அப்படிச் சூடேற்றிவிட்டால் ஒளி பட்டதற்குத் தடயமே இருக்காது.

அதனால்தான் குறிப்பேட்டில் அத்தனை கண்டிப்பு. விளக்கைத் தொட்டால் எழுத வேண்டும். தொடாவிட்டாலும் 'இன்று ஒளி கொடுக்கவில்லை' என்று எழுதி, அளந்தவர் பெயர் முத்திரை ஒன்று, சாட்சி முத்திரை ஒன்று குத்த வேண்டும். குசகாபேயின் பக்கங்களில் சாட்சி முத்திரை என்னுடையது.

1988 நவம்பரில் அவன் ஒரு படியைப் பார்த்தான். இரண்டு பெரிய படிகளுக்கு நடுவே, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், சின்னதாக ஒன்று.

"கருவியோட பேனா நடுங்கல, மினெகிஷி-சான். மூணு தடவ ஓட்டிட்டேன். அதே எடத்துல நிக்குது."

வாழ்த்துச் சொன்னேன். மனதாரச் சொன்னதாகத்தான் ஞாபகம். அவன் போன பிறகு என் இழுப்பறையைத் திறந்தேன். நான்கு வருஷம் முன்பு அதே சில்லை நான் அளந்திருக்கிறேன். என் வரைபடத்திலும் அந்தப் படி இருந்தது. கருவியின் பேனா நடுங்கியதாக நினைத்து, அதன்மேல் நானே கையால் ஒரு வழவழப்பான கோடு இழுத்து அச்சுக்கு அனுப்பியிருந்தேன். அடியில் மங்கலாக இன்னும் தெரிகிறது. இதோ, கொண்டுவந்திருக்கிறேன்.

அந்த வருஷம் நிரந்தர வேலை ஒன்றுதான் காலியாக இருந்தது. பிறகு நான் செய்ததை அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் படி உண்மையென்றால் என் பழைய வரைபடத்தை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்கு முன்னால் இருந்ததை அழித்தவன் என்று ஆகிவிடும். எனக்குக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

டிசம்பரில் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது. "அவங்க முன்னால ஒரு தடவ காட்டிடு" என்றார் பேராசிரியர் ஓனுமா, எங்கள் சென்செய். குசகாபே சில்லைத் திரும்பக் குளிரவைத்தான். மதியம் அவன் கை கழுவப் போனபோது விளக்கின் பொத்தானை அழுத்தி மூன்று எண்ணினேன். பிறகு வந்து உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்தேன். அன்று உள்ளே புளிப்பான உமே பழ ஊறுகாய்.

சாயங்காலம் படி இல்லை. "ஒளி பட்ட மாதிரி இருக்கே. எலக்ட்ரான் எண்ணிக்க ஏறிக் கெடக்கு" என்றான்.

"மூடிய ஒழுங்காப் போட்டியா?" என்றேன்.

அவன் சூடேற்றி, இடுக்கெல்லாம் கறுப்பு நாடா ஒட்டி, மறுபடி குளிரவைத்தான். இரண்டு நாள் வேலை. நான் மறுபடி அழுத்தினேன். அடுத்த முறை, விருந்தினர்கள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. ஆக மூன்று தடவை. மூன்று நாளும் 'ஒளி கொடுக்கவில்லை' என்ற வரிக்குக் கீழே என் முத்திரையைக் குத்தினேன்.

அவர்கள் முன்னால் படி வரவில்லை. சில்லில் ஒளி பட்டதாக எலக்ட்ரான் கணக்குச் சொன்னது. படவில்லை என்று குறிப்பேடு சொன்னது. ஒன்று குறிப்பேடு பொய், இல்லையென்றால் முதல் வரைபடம் பொய். இரண்டிலும் இருந்தது குசகாபேயின் பெயர். வந்தவர்களில் ஒருவர் அவன் வரைபடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது கையால வரைஞ்சதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நடையில் அவனைத் தனியாகப் பிடித்தேன். "சென்செய் மானம் போகுது. குனிஞ்சு மன்னிப்பு கேட்டுடு. அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க."

"நான் ஒன்னும் செய்யலையே."

"செஞ்சவன்தான் மன்னிப்பு கேக்கணும்னு யாரு சொன்னா?"

உள்ளே போய்க் குனிந்தான். இவ்வளவு சிரமம் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றான். நிமிர வெகுநேரம் ஆயிற்று. நம் ஊரில் ரயில் இரண்டு நிமிஷம் பிந்தினால்கூட இப்படித்தான் சொல்கிறோம். கூட்டக் குறிப்பு எழுதும் முறை அன்று என்னுடையது. 'குசகாபே ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன்.

மார்ச்சில் அவன் அகிதாவுக்குப் போய் டியூஷன் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். நிரந்தர வேலை எனக்கு வந்தது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவனிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். 'அன்று என் பக்கத்தில் நின்றது நீங்கள் ஒருவர்தான்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். முப்பத்தொரு அட்டைகள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். ஒவ்வொரு முறையும் உண்மையை எழுத உட்கார்ந்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதி முடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

அவன் இறந்த பிறகு அவன் மருந்து டப்பாவில் பத்திரமாக வைத்திருந்த அந்தச் சில்லைச் சதோகோ கண்டெடுத்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். வேறு ஊரில் இருட்டிலேயே குளிரவைத்துப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய புது வரைபடத்தில் படி அதே இடத்தில் நிற்கிறது.

காலையில் நீங்கள் கேட்டீர்கள், குசகாபேயே கை தவறி விளக்கைப் போட்டிருக்கலாமா என்று. என் வயதுக்கு மரியாதை கொடுத்துக் கேட்ட கேள்வி அது. ஆமாம் என்றால் நான் வீட்டுக்குப் போய்விடலாம். மறுத்துப் பேச அவனும் இல்லை. காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் கை தவறவில்லை. நான்தான் அழுத்தினேன். அவன் பார்த்தது உண்மை. கையால் கோடு வரைந்தவன் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், முத்திரை கொண்டுவந்திருக்கிறேன், குத்தித் தருகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். சதோகோவுக்கு இதைத் தெரிவிக்கும்போது, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து சொன்னேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.