கேள்விக்கு முன்னால் வந்த பதில்

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ்ஸில், டீச்சருக்குப் படிக்கும் இரண்டு பெண்கள் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எனக்கு அந்தப் பேச்சு கல்கண்டாக இனித்தது.

“கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே புள்ளைங்க பதில் சொல்லிட்டாங்கடி!”

“நேத்தே அதே பாடத்த ஒத்திகை பாத்தியா?”

“ஆமா. எனக்கு மார்க் போட காலேஜ் மேடம் பின்னாடி உக்காந்துகினு இருக்காங்க. நான் செடி படத்த எடுத்தவொடனே மொத்த கிளாஸும் ‘வேர், தண்டு, இலை’ன்னு கத்துது. வேரு எதுக்குன்னு மேடம் கேட்டா, ‘அத மிஸ் நேத்து சொல்லித் தரலையே’ங்குது ஒரு பொண்ணு.”

“மானமே போச்சா! அப்புறம்?”

“வெளிய கூட்டிகினு போய், ஒரு செடிய வேரோட புடுங்கிக் காட்டினேன். ‘செத்துடுமே மிஸ், திரும்ப நட்டுடலாமா?’ன்னு அதே பொண்ணு கேட்டுச்சு. என் கிளாஸ்ல புள்ளைங்க கேட்ட மொத கேள்வி அதான்டி.”

“மார்க்கு?”

“தெரியலடி. ஆனா திரும்ப நட்ட செடிக்கு மேடம்தான் தண்ணி ஊத்தினாங்க.”