போன வருஷத்து ஃப்ளாப்பி

— சம்பளம் அடிச்சாச்சு, பி.எஃப். அடிச்சாச்சு. சரி, அடுத்தது?

— எல்.ஐ.சி. பச்சை ஃபைல்ல ரெண்டு ரசீது இருக்கும் பாரு, பியா.

— ஃபைல் என் மடியிலதான் இருக்கு. நீங்க கண்ணக் கசக்காதீங்க. கட்டு நகந்துச்சுன்னா திரும்பவும் டாக்டர்கிட்ட ஓடணும்.

— புரை எடுத்து நாலு நாளாச்சு, இன்னும் கரிக்குது. இன்னொரு கண்ணும் வெறும் புகையாத்தான் தெரியுது. இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் குடுக்க நாளைக்குக் கடைசி நாள், இன்னிக்குப் பாத்து இப்படி உக்காந்திருக்கேன்.

— அதான் நான் இருக்கேன்ல. இருபத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ, இந்த ஃப்ளாப்பியில இருக்கற வரி ப்ரோக்ராம் கேக்கற கேள்விக்கா பதில் சொல்ல மாட்டேன்? நம்ம பையன் ஜாக்சன் கம்ப்யூட்டர இங்க விட்டுட்டு பெங்களூர் வேலைக்குப் போனானே, அதுக்கு இன்னிக்குத்தான் ஒரு உபயோகம்.

— ஆடிட்டர்கிட்ட போயிருந்தா ஐந்நூறு ரூபா கேட்டிருப்பான். போன வருஷம் ஆபீஸ்ல ஷரஃபுதீன் இதே ஃப்ளாப்பியிலதான் எனக்குப் போட்டுக் குடுத்தான். வாடகைன்னு கேட்டா சைபர் போடு.

— போட்டுட்டேன். உங்க ஆபீஸ்ல பாதிப் பேரு மாமியார்கிட்ட வாடகை ரசீது வாங்கி ஒட்டறாங்களாமே.

— ஒட்டட்டும். ரூல்னா ரூல்தான். கவர்மென்ட்டுக்கு நான் ஒரு பொய்யும் எழுத மாட்டேன்.

— தெரிஞ்ச கதைதானே. சரி, அடுத்தது. இதென்ன, இங்க ஏற்கெனவே பதினஞ்சாயிரம்னு இருக்கு? நான் அடிக்கலியே.

— எங்க?

— செக்ஷன் எண்பது டிடிபின்னு ஒண்ணு. போன வருஷத்துது அப்படியே வந்து நிக்குது போல.

— அத விடு. அடுத்ததுக்குப் போ.

— ஸ்டெப் தாண்டக் கூடாது. பக்கத்துல என் பேர் இருக்கு. பியாட்ரிஸ், மனைவி. எனக்கு என்ன பதினஞ்சாயிரம்?

— உன் ஆபரேஷன் செலவுதான். ரெண்டு வருஷம் முன்னாடி கட்டி எடுத்தோம்ல.

— மார்ல இருந்தது வெறும் கொழுப்புக் கட்டின்னுதானே சொன்னீங்க. அதுக்கெல்லாமா வரியில கழிப்பாங்க? இருங்க, எஃப் ஒன் பட்டன அமுக்கினா வெளக்கம் வரும்னு ஷரஃபுதீன் சார் சீட்டுல எழுதியிருக்காரு.

— பியா, அமுக்காத.

— அமுக்கிட்டேன். சில நோய்க்கு மட்டும்தானாம், லிஸ்ட் இருக்கு. எனக்கு கை கால் நடுக்கம் இல்ல. கிட்னி நல்லா இருக்கு. ரத்தத்துலயும் கோளாறு இல்ல. எல்லாத்தையும் அடிச்சுட்டா, மிச்சம் இருக்கறது கேன்சர்.

— அது சும்மா, வரி மிச்சமாகட்டும்னு ஷரஃபுதீன் போட்டது.

— மாமியார்கிட்ட வாடகை ரசீது வாங்காத மனுஷன், பொண்டாட்டிக்குக் கேன்சர்னு பொய் எழுதினீங்களா? என்னங்க, உங்களத்தான் கேக்கறேன்.

— பொய் இல்ல.

— அப்ப தினம் சாப்பாட்டுக்கு அப்பறம் கையில வச்சுத் தர்றீங்களே, சத்து மாத்திரை?

— அது அதுக்கான மாத்திரைதான். பாட்டில் மட்டும் வைட்டமின் பாட்டில். நான் அட்டையப் பிரிச்சு அதுல கொட்டி வைப்பேன்.

— ஸ்கூல விடச் சொன்னது? சாக்பீஸ் தூசி எனக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுக்க வச்சீங்களே, அது?

— நீ ரெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. வேற எப்படிச் சொல்லி விட வைக்கறதுன்னு தெரியல.

— யார் யாருக்குத் தெரியும்?

— ஜாக்சனுக்குத் தெரியும். உன் தங்கச்சி ஜொவிட்டாவுக்கும்.

— ஜாக்சன் வேளாங்கண்ணிக்கு நடந்து போனானே. வேலை கெடச்சதுக்கு நேர்த்திக்கடன்னான்.

— உனக்காகத்தான் போனான்.

— ஷரஃபுதீன் சாருக்கும் தெரியும், அவர்தானே இத அடிச்சாரு. ரம்ஜானுக்கு பிரியாணி கொண்டுவந்த அவர் சம்சாரம் ஜஹனாரா என் கையப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. பாசக்கார மனுஷின்னு நெனச்சேன். கோயில்ல ஃபாதருக்கு?

— தெரியும். ஆபரேஷன் முடிஞ்ச ஆகஸ்ட்ல பூசை வச்சோம்ல, அது அதுக்குத்தான்.

— அந்தப் பூசையில முதல் பெஞ்சில இருந்தேன். வெறும் கட்டியாப் போச்சே ஆண்டவரேன்னு நன்றி சொல்லி அழுதேன். நீங்க பக்கத்துலயே முட்டி போட்டிருந்தீங்க. சுத்தி இருந்த எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க.

— சொல்றதக் கேளு பியா. நீ தாங்க மாட்டேன்னு பயந்துட்டேன்.

— எங்கம்மாவ அடக்கம் பண்ணிட்டு மறுநாளே பத்தாவது பரீட்சை ஹால்ல போய் நின்னவ நான். தாங்க மாட்டேன்னு யாரு சொன்னது? கவர்மென்ட்டுக்கு உண்மைய எழுதி, சர்டிஃபிகேட் வச்சு, கையெழுத்தும் போட்டிருக்கீங்க. எனக்குத்தான் சொல்லல. என் உடம்புங்க இது.

— தப்புதான். மன்னிச்சிடு.

— அது அப்பறம். மார்ச்ல அடையாறுல ஸ்கேன் எடுத்தோமே. பித்தப்பையில கல்லு இருக்கான்னு பாக்கன்னீங்க.

— அதுல ஒண்ணும் இல்ல. எல்லாம் போயிடுச்சு, டாக்டரே சொல்லிட்டாரு.

— நிஜமா?

— நிஜமா.

— சரி. இங்க கேக்குது, நோய் இந்த வருஷமும் தொடருதா, யெஸ்ஸா, நோவான்னு.

— நோ போடு.

— போட்டுட்டேன். பதினஞ்சாயிரம் அழிஞ்சுடுச்சு, வரி மூவாயிரம் ஏறுது.

— ஏறட்டும்.

— கடைசிப் பக்கம், உறுதிமொழி. உங்களால படிக்க முடியாது. நான் படிக்கறேன், நீங்க கூடவே சொல்லுங்க. கையெழுத்து அதுக்கப்பறம்.

— அதெல்லாம் வாயால சொல்லணும்னு ரூல் இல்லியே.

— இந்த வீட்டுல இன்னிலேருந்து ரூல். வில்லியம் ஆகிய நான்.

— வில்லியம் ஆகிய நான்.

— மேலே கொடுத்துள்ள விவரங்கள் அனைத்தும் உண்மை என்றும், எதையும் மறைக்கவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.

— மேலே கொடுத்துள்ள விவரங்கள் அனைத்தும்...

— சொல்லுங்க. கவர்மென்ட்டுக்குத்தான் சொல்றீங்க, எனக்கு இல்ல.

— பியா, ஒரு பக்கம் பின்னாடி போ. அந்த 'நோ'வ அழிச்சிட்டு 'யெஸ்' போடு.