கஜந்தினியின் முகம் பற்றிய முறைப்பாடு

பெயர்: ஜெயரூபன் உதயகலா
வயது: முப்பத்தொன்பது
தொழில்: வீட்டு வேலை, வெங்காயச் செய்கை
விலாசம்: புத்தூர் கிழக்கு, புத்தூர்

மேலே உள்ள விலாசத்தில் நான் என் மகள் கஜந்தினியுடன் வசிக்கிறேன். அவளுக்கு வயது பதின்மூன்று. கணவர் ஜெயரூபன் கனடாவில் வேலை செய்கிறார். எங்களை அங்கே கூப்பிடும் அலுவல் நடப்பதால், பிள்ளை இங்கிலிஷில் படித்திருந்தால் நல்லது என்று அவர் சொன்னதன் பேரில், இந்த வருடத் தொடக்கத்தில் அவளை ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கி, இணையவழியில் நடக்கும் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தோம். அதற்குச் சாவகச்சேரியில் முகவர் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பவர் லெனாட் என்பவர். மற்றபடி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாசல் படலையோ, மணியோ, நேரில் போய்க் கதைக்க ஒரு அதிபரோ கிடையாது. பிள்ளைக்கு அந்தப் படிப்புப் பிடித்திருந்தது என்பதையும் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வகுப்புத் தொடங்குவதற்கு முதல்நாள் கஜந்தினி பெரியபிள்ளையானாள். எங்கள் வழக்கப்படி, மாமி முறையானவர் தண்ணீர் வார்க்கும் வரை பிள்ளையை அறைக்குள் வைத்திருப்போம், ஆண்கள் முகம் பார்க்க விடமாட்டோம். அவளுக்கு மாமி என் கணவரின் அக்கா பாலேஸ்வரி. தண்ணீர் வார்க்க நல்ல நாள் அடுத்த கிழமைதான் கிடைத்தது. ஆகவே நான் லெனாட்டுக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு கிழமை லீவு வேண்டும் என்றேன். உண்மையை ஒரு ஆணிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்றைக்குப் பொலிஸ் நிலையத்தில் இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டியதாய்ப் போய்விட்டது. லெனாட், "முதல் கிழமை கட்டாயம் அக்கா. கமராவுக்கு முன்னாலை பிள்ளை இருக்கவேணும். இல்லாட்டி இடத்தை வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம்" என்றார்.

அதன் பின்னர் நான் மச்சாள் பாலேஸ்வரியிடம் யோசனை கேட்டேன். அவர், "படிப்பிக்கிறது ஆம்பிளையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப எப்பிடி? கொம்பியூட்டருக்குள்ளாலை பாத்தாலும் பாக்கிறதுதானே" என்றார். மச்சாளில் பழி போட இதைச் சொல்லவில்லை. எனக்கும் அது சரி என்றே பட்டது. அவரே தன் மகள் றஜனியைக் கூட்டி வந்தார். றஜனிக்கு வயது பதினெட்டு. ஒல்லியான பிள்ளை, பார்த்தால் அவ்வளவு வயது சொல்ல மாட்டார்கள். அவளுக்குக் கஜந்தினியின் சட்டையைப் போட்டுக் கமராவுக்கு முன்னால் இருத்தினோம். கஜந்தினி அறைக் கதவுக்குப் பின்னால் இருந்து பாடத்தைக் கேட்டாள். ஆசிரியர் கேள்வி கேட்டால் இவள் உள்ளே இருந்து மெல்லச் சொல்ல, அவள் வெளியே உரத்துச் சொல்வாள். றஜனி விஞ்ஞானம் என்றால் காத தூரம் ஓடுகிறவள். அவளை ஆசிரியர் மெச்சியபோது எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வீடு கலகலப்பாக இருந்தது.

அதற்குள் ஒருநாள், எல்லாப் பிள்ளைகளையும் கமராவை நேரே பார்க்கவும், பின்னர் இடமும் வலமும் திரும்பவும் சொன்னார்கள். றஜனி திரும்பினாள். வரவு எடுக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன். பரீட்சைக்காகப் பிள்ளையின் முகத்தைப் பதிந்து வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. விளக்கியிருந்தால் இங்கிலிஷில் விளக்கியிருப்பார்கள். விளங்கக்கூடியவள் கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவளுக்கு அது சரியாகக் கேட்கவில்லை.

அதன் பின்னர் தண்ணீர் வார்த்து முடிந்து, கஜந்தினி தானே வகுப்பில் இருக்கத் தொடங்கினாள். திரையில் பிள்ளைகள் எல்லோரும் முத்திரை அளவில்தான் தெரிவார்கள். ஒருவரும் வித்தியாசம் காணவில்லை. அவள் நன்றாகப் படித்தாள்.

ஆடி மாதத்தில் முதலாவது பரீட்சை வந்தது. அன்று காலை அவள் தலை வாரி இழுத்து, பொட்டு வைத்து வந்து இருந்தாள். பரீட்சை திறக்க முன்னர் கொம்பியூட்டர் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினாள். சிவப்பு விழுந்தது. இவர் கஜந்தினி அல்ல என்று எழுத்து வந்ததாகப் பிள்ளை சொன்னாள். பொட்டை அழித்துப் பார்த்தோம், பின்னலை அவிழ்த்துப் பார்த்தோம், கமராவைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன், வெளிச்சம் காணாதோ என்று மேசையை முற்றத்துக்குத் தூக்கினோம். அவள் அழவில்லை. திரும்பத் திரும்பப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அப்படிக் கழுவப் போயிருந்த நேரத்தில், தாய் தந்துவிட்ட புட்டுடன் வந்த றஜனி, என்ன இது என்று குனிந்து பார்த்தாள். உடனே பச்சை விழுந்தது. வருக கஜந்தினி என்று இங்கிலிஷில் வந்ததை அவளே எனக்கு வாசித்துச் சொன்னாள். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது.

நேரம் போகிறதே என்ற பதற்றத்தில், நான்தான் றஜனியை எழுப்பிவிட்டுக் கஜந்தினியை இருத்தினேன். அது என் பிழை, அந்தப் பிள்ளைகளுடையது அல்ல. கஜந்தினிக்குக் கேள்விகள் எல்லாம் தெரிந்திருந்தன. அவள் பாதி எழுதுவதற்குள் திரை அணைந்தது. ஆள்மாறாட்டம் என்று செய்தி வந்தது.

அதன் பின்னர் லெனாட் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. "எனக்கு விளங்குது அக்கா. ஆனா மேலை ஆர் இருக்கினம் எண்டு எனக்கே தெரியாது. பொலிசிலை குடுக்கச் சொல்லினம், குடுக்காட்டி என்ரை வேலை போயிடும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபிப்பதற்கு யாராவது ஒரு ஆள் அகப்பட்டால் நல்லது என்று இருக்கிறது.

நாங்கள் பிறப்புச் சான்றிதழையும் படங்களையும் இணையத்தில் அனுப்பினோம். கணவரும் அங்கிருந்து அனுப்பினார். எங்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வந்தது. பதியப்பட்ட மாணவி மீது குற்றம் இல்லை, அவர் தொடர்ந்து படிக்கலாம், அவருடைய இடத்தில் இருந்தவரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அந்தப் பதில். அதாவது கமராவுக்கு முன்னால் றஜனி போய் இருந்தால் கஜந்தினி படிக்கலாம்.

அதன் பின்னர் நான் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபரைக் கண்டு கெஞ்சினேன். இப்போது படிக்கும் இடத்திலிருந்து விலகியதற்குச் சான்றிதழ் கொண்டுவந்தால் சேர்க்கலாம் என்று அவர் சொன்னார். கேட்டதும் இணையவழிப் பள்ளிக்கூடத்தார் அதை அனுப்பிவிட்டார்கள். பெயர் கஜந்தினி, பிறந்த திகதியும் சரி, ஒட்டியிருந்த படம் றஜனியுடையது. அதிபர் பார்த்துவிட்டு, "உது வேறை பிள்ளையெல்லோ. நான் இதை எப்பிடி எடுக்கிறது?" என்று திருப்பித் தந்தார். அன்றிலிருந்து என் மகள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. மற்றப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் நேரத்தில் அவள் முன்கதவைச் சாத்திவிடுகிறாள்.

இன்று அழைப்பின் பேரில் மகளையும் கூட்டிக்கொண்டு இங்கு வந்தேன். லெனாட் கொடுத்த முறைப்பாட்டைச் சார்ஜன்ட் வாசித்துக் காட்டினார். கஜந்தினி என்ற மாணவியின் இடத்தில் அடையாளம் தெரியாத பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள் என்று அதில் இருந்தது. அந்தப் பெண்பிள்ளை வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறாள் என்று நான் சொன்னேன். இவள்தான் கஜந்தினி என்று பொலிஸ் முத்திரையுடன் ஒரு வரி எழுதித் தந்தால் அதிபரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன் என்றும் கேட்டேன். சார்ஜன்ட், "நீங்கள் சொல்லுறதை மட்டும்தான் அம்மா நான் எழுதலாம். அது உண்மையெண்டு என்னாலை எழுதேலாது" என்றார்.

அதன் பின்னர் அவர் மகளை உள்ளே கூப்பிட்டு, "பேர் என்ன பிள்ளை?" என்று கேட்டார். அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, "அம்மா, சொல்லலாமோ?" என்று கேட்டாள்.

இவ்வளவும் நானாகச் சொன்னவை. பொய் ஒன்றும் கலக்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், சரி என்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஜெ. உதயகலா