ஒரு வாய்த் தண்ணீர்

உட்காரச் சொன்னீர்களே, அதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. முழங்கால் வலிக்காரன் நான்.

முதலாளிகள் ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்று காஞ்சிபுரத்தில் மூலைக்கு மூலை மேடை போட்டுப் பேசிய காலம் அது. நான் பேசவில்லை; செய்து காட்டினேன். எங்கள் நெசவுத் தெருக்களில் நூறு குடும்பங்களைக் கூட்டி ஒரு முதலீட்டுச் சங்கம் தொடங்கினேன். சாராயம், இறைச்சி, தோல், கந்துவட்டி, இவற்றில் எங்கள் பணம் போகாது. பாவம் படாத தொழிலாகத் தேடி, ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் போட்டோம். சாமிக்குச் சாத்தும் பட்டுக்குச் சாயம் ஏற்றும் இடம். பங்குதாரர்களில் பாதிப் பேர் விதவைகள். தாலியை விற்றுப் போட்டவர்களும் உண்டு.

மூன்றாம் வருடம், பட்டறைக்குப் பின்னால் குடியிருந்த தேவகி சொம்பும் கையுமாக வந்தாள்.

"எங்க கெணத்துத் தண்ணி கசக்குதுங்க ஐயா. எம் பொண்ணு வாந்தி எடுத்துக்கினே கெடக்குது. ரெண்டு மைலு போயி தண்ணி சொமக்கறோம். பட்டறைக் கழிவ நிறுத்தச் சொல்லுங்க."

பட்டறையை மூடினால் அத்தனை விதவைகளும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். சாய மேஸ்திரி பூவராகவனைத் தனியாகக் கேட்டேன்.

"ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆவாதுங்க. தெனம் குடிச்சா ஈரல் போயிடும்," என்றார்.

மறுநாள் கிணற்றடியில் ஊரைக் கூட்டச் சொன்னேன். நான் சிவதீட்சை பெற்றவன். வெளியே எங்கும் கை நனைக்க மாட்டேன், தண்ணீர்கூடத் தொட மாட்டேன் என்பது சுற்றுவட்டாரம் அறிந்த விஷயம். அப்படிப்பட்டவன், அந்தத் தண்ணீரைத் தேவகி கையாலேயே வாங்கி எல்லார் முன்னாலும் குடித்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

"மாணிக்கவாசகம் ஐயாவே குடிச்சிட்டாரு, இன்னும் என்னாபா?" என்றார் ஒருவர். தேவகி அழுதுகொண்டே என் காலில் விழுந்தாள். அன்று மாலையே எல்லாரும் பழையபடி அங்கேயே தண்ணீர் இறைத்தார்கள்.

ஒன்பது மாதத்தில் பதினொரு பேர் செத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சரிதான். முதலில் தேவகியின் பெண், பிறகு தேவகி. தெரிந்துதான் குடித்தேன், தெரிந்துதான் அவர்களைக் குடிக்க வைத்தேன். நான் என்ன செய்யட்டும், வேறு வழி தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். செய்த பாவத்தை நான் சும்மா விட்டுவிடவில்லை. அன்றைக்கே சர்வதீர்த்தக் குளத்தில் முழுகி, மூன்று நாள் பட்டினி கிடந்தேன். பிறர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த தோஷம் அதோடு கழிந்தது.