இரண்டாவது லைன்

— எழுதி வச்சுக்கோ. சாக்கடைத் தண்ணி மனுஷன் வீட்டுக்குள்ள வந்த காலம் இந்த ஊர்ல இன்னிக்கு சாயங்காலத்தோட முடிஞ்சது.

— எழுதணும்னா எழுந்திரிக்கணுங்க. மடி பூரா பட்டன். போன்லயே சொல்லுங்க, ஞாபகம் வச்சுக்கறேன்.

— சிரிக்காத. பம்ப் ஹவுஸுக்கு இப்ப ரெண்டு பக்கத்துலேர்ந்து கரண்டு வருது. ஒரு லைன் செத்தா இன்னொண்ணு தானா எடுத்துக்கும். குடிதண்ணி மோட்டாரும் நிக்காது, சாக்கடை மோட்டாரும் நிக்காது.

— போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க.

— போன மழைக்கு ஒரே லைன். யாராவது தும்மினாலே போயிடும்.

— போச்சு. பாத்ரூம் ஓட்டை வழியா ஊரே நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்துச்சு. என் தையல் மெஷின் முங்கிச்சு.

— அது பழைய கதை. இன்னும் கொஞ்ச நேரத்துல முதல் லைனை நானே அணைக்கப் போறேன். சோதனை.

— இந்த மழையிலயா?

— மழையில பண்ணாதான் சோதனை. வெயில்ல பண்ணா அதுக்குப் பேரு விழா.

— அப்ப ஒண்ணு பண்றேன். எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு, மெஷினை மட்டும் மாடி வீட்டு அக்காகிட்ட ஏத்தி வச்சிடறேன். ஆஸ்பத்திரி சீருடை இன்னும் பாதி பாக்கி. மறுபடி மெஷின் போச்சுன்னா ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.

— கூடாது.

— ஏங்க?

— வெள்ளத்துக்குப் பயந்து ஃபிரிட்ஜுக்கு அடியில வச்சிருக்கற செங்கல்லை எடுங்கன்னு தெரு பூரா வீடு வீடாப் போய் சொன்னவன் நான். எதிர்வீட்டு அண்ணன் என் கண்ணு முன்னாடியே எடுத்தார். இப்ப பம்ப் இன்ஜினியர் வீட்டு மெஷினே மாடி ஏறுதுன்னா?

— நீங்க படி இறங்கினதும் அவர் திருப்பி வச்சுட்டார்.

— துரோகி.

— பாத்ரூம் வாசப்படியையாவது அடைக்கலாம்னா, பரண்ல இருந்த பழைய தலகாணி ரெண்டையும் காணோம்.

— …தலகாணியா?

— ஆமா. எங்கயாவது பார்த்தீங்களா?

— தலகாணி வச்சு சாக்கடையைத் தடுக்கறதா? பயந்தாங்கொள்ளித்தனத்துக்கும் ஒரு அளவு வேணும். ஆமா… தைச்சு முடிச்ச சீருடை எல்லாம் எங்க?

— ம்? அது… இருக்கற இடத்துல இருக்கு. எங்க போகப் போகுது?

— அது! நம்பிக்கைன்னா அப்படி இருக்கணும். இரு, கூப்பிடறாங்க. போனை வச்சுடாத… அணைச்சாச்சு.

— என்னங்க, சத்தத்தையே காணோம்?

— மோட்டார் நின்னுடுச்சு.

— நிக்காதுன்னீங்க!

— நின்னாதான் ரெண்டாவது லைன் எடுக்கும். எடுக்கும் பாரு.

— பாத்ரூம்ல குடுகுடுங்குது.

— எடுக்கும்.

— கறுப்பா மேல வருதுங்க!

— இங்க ஸ்கிரீன்ல எல்லாம் பச்சைதான்.

— உங்க பச்சையை நீங்களே வச்சுக்கோங்க! பாத்ரூம் நிலை வரைக்கும் வந்துடுச்சு. நான் மெஷினைத் தூக்கப் போறேன்.

— வேண்டாம்! மெஷின்கிட்ட போகாத!

— தெருவுல உங்க மானம் போனா போகட்டும்.

— மானத்துக்குச் சொல்லல… மெஷின் மேல இருக்கற உறையை எடுக்காத, நான் சொல்றதை… இரு, இரு! எடுத்துடுச்சு! மோட்டார் ஓடுது, கேக்குதா? பாத்ரூம்ல என்ன ஆச்சு? சொல்லு!

— இறங்குது.

— பார்த்தியா! சொன்னேனா இல்லியா? ஒரு சொட்டு உள்ள வரல.

— தலகாணி கிடைச்சிடுச்சுங்க. ஸ்டாண்டு மேல, உறைக்குள்ள, ரெண்டும் மெஷின் மாதிரியே உக்காந்திருக்கு.

— அது வந்து…

— உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா? மெஷின் எங்க?

— மாடி வீட்ல. காலைல நீ குளிக்கப் போனப்ப கழட்டி ஏத்திட்டேன்.

— மாடி வீட்லயா? அங்க… எங்க வச்சீங்க?

— அக்கா கட்டிலுக்கு அடியில. நீ நேத்து ஒளிச்சு வச்ச சீருடை மூட்டைக்குப் பக்கத்துல.