இரண்டு பேர் வண்டி

— அந்தப் பிளக்கை இன்னும் எவ்வளவு நேரம்ங்க ஊதுவீங்க? அது என்ன, சூடு காபியா?

— பொறு யூனிஸ், பொறு. முனையில கரி இருக்கு.

— இருபது நிமிஷமா ஊதறீங்க. இருந்த கரியெல்லாம் இந்நேரம் தாம்பரம் போய்ச் சேர்ந்திருக்கும். நாமதான் குரோம்பேட்டையில நிக்கிறோம்.

— உன் நகம் தேய்க்கிற அரம் பையில இருக்கா?

— இருக்கு. அதுல என் நகத்தைத் தேய்ச்சு எத்தனை வருஷமாச்சு! எல்லாம் உங்க இத்தாலிக்காரிக்குத்தான். என் ஊறுகாய் ஜாடியில கார்புரேட்டர் குளிக்குது. என் காட்டன் புடவையைக் கிழிச்சு ஆயில் வடிகட்டறீங்க. என் ஸ்டவ்வுல பிளக்கைச் சுடறீங்க.

— இன்னியோட அந்தக் குறையெல்லாம் தீர்ந்துச்சு. அஞ்சு மணிக்கு வண்டியை வாங்கிக்க எட்மண்ட் நம்ம வீட்டுக்கு வந்துடுவார்.

— வந்தா எவ்வளவு நேரம் நிப்பாராம்?

— அஞ்சே கால் வரைக்கும். ஏர்போர்ஸ்காரங்களுக்கு எல்லாம் கணக்கா இருக்கணும். அவருக்கு அஸ்ஸாமுக்கு மாத்தல். வண்டியை வேன்ல ஏத்திக்கிட்டு நேரா சென்ட்ரல் போகணும். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்.

— இப்ப மணி என்ன?

— மூணே முக்கால்.

— அப்ப நல்லா ஊதுங்க.

— இன்னா சார், அப்போலேர்ந்து பாத்துகினே கீறேன். வண்டி பேஜார் பண்ணுதா? எதிர்ல நம்ம கடைதான், பாலகுருன்னு போர்டு கீது பாரு.

— அது சைக்கிள் கடையாச்சேப்பா.

— சைக்கிளுக்கும் ரெண்டு வீலு, இதுக்கும் ரெண்டு வீலு. இன்னா வண்டி சார் இது? இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லியே.

— இத்தாலி வண்டிப்பா. எங்க தோல் கம்பெனியில மெஷின் பூட்ட ஒரு இத்தாலிக்காரர் வந்திருந்தார். நான் அங்க கிளார்க். அறுபத்தொண்ணுல ஊருக்குத் திரும்பும்போது என்கிட்ட விட்டுட்டுப் போனார். ரேஸ் வண்டி.

— ரேஸா! அதான் அசையாம நிக்குது.

— சிரிக்காதே பாலகுரு. மகாபலிபுரம் ரோட்டுல எழுபது மைல் வேகத்துல போயிருக்கேன்.

— நான் பின்னால உட்கார்ந்திருந்தேன், தம்பி. பைபிள்ல தெரிஞ்ச சங்கீதத்தை எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சேன்.

— சாமான் எல்லாம் எங்க சார் கெடைக்குது?

— எங்கேயும் கிடைக்காது. கம்பெனியில மீந்த தோலை வெட்டித்தான் வாஷர் போடறேன். கிளட்ச் ஸ்பிரிங் ஏதோ ஸ்கூட்டரோடது. சீட்டு நானே தைச்சேன்.

— குடு சார், அந்தப் பிளக்க இப்படி. அய்ய, காஞ்ச கருவாடு மாதிரி கீது! பெட்ரோலே ஏறல சார் இதுக்கு.

— இத்தாலி பிளக் அப்படித்தான் இருக்கும்.

— பிளக்கு எந்த ஊர்ல பொறந்தா இன்னா சார், பெட்ரோல் வந்தா நனையணும். டேங்க்ல கீதா?

— முக்கால் டேங்க் இருக்கு.

— அப்போ கீழ பெட்ரோல் கொழா, அந்த டாப்பு, தொறந்து கீதான்னு பாக்கலாம். கொஞ்சம் தள்ளிக்கம்மா.

— அதெல்லாம் நான் பார்த்துட்டேன், தம்பி. நீங்க தொட வேணாம்.

— அதை மட்டும் தொடாதே பாலகுரு. அது டீச்சரம்மா டிபார்ட்மென்ட்.

— இன்னாது, டிபார்ட்மென்ட்டா?

— இந்த வண்டிக்குக் கிக்கர் இடது பக்கம். கீழ இறங்கி நின்னுதான் உதைக்கணும். ஸ்டாண்ட் அந்த உதையைத் தாங்காது. அதனால இவங்க வலது பக்கம் நின்னு வண்டியைப் பிடிச்சுக்குவாங்க. டாப்பைத் திறப்பாங்க. கார்புரேட்டர்ல ஒரு குமிழ் இருக்கு, அதை மூணு தடவை அமுக்குவாங்க. நான் ‘திறந்தியா’ம்பேன். இவங்க ‘திறந்தேன்’ம்பாங்க. அப்புறம்தான் உதை. பன்னிரண்டு வருஷமா அப்படித்தான்.

— சரி சார். அம்மா ஊருக்குப் போயிட்டா?

— பஸ்ஸுதான்.

— நல்லா கீது போ! தாம்பரம் மூணு மைலு சார். வெயிலு வேற மண்டைய பொளக்குது. நம்ம மச்சான் மீன்பாடி வண்டி வச்சிகினு கீறான். தூக்கிப் போட்டுகினு போனா அரை மணில வூடு.

— வேணாம்ப்பா. பெயிண்ட்ல கீறல் விழுந்துடும். விக்கப்போற வண்டி. நாங்க தள்ளிக்கிட்டே போயிடறோம்.

— மூணு மைலாங்க? உங்க காலோடயா?

— பொறு யூனிஸ். நான் ஹேண்டில் பிடிச்சுக்கறேன். நீ பின்னால கை கொடு. போயிட்டு வரோம் பாலகுரு.

— போயிட்டு வா சார். இன்னா மனுஷன்டா இவரு!

— ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது.

— அந்தப் புளியமரம் வரைக்கும் போயிடுவோம். நிழல் இருக்கு.

— போன மரத்துக்கும் இதையேதான் சொன்னீங்க.

— அது வேப்பமரம்.

— ஆண்டவரே! முழங்கால் எப்படி இருக்கு?

— இருக்கு.

— இப்படி இருக்குன்னா எப்படி? டாக்டர் வைத்தீஸ்வரன் என்ன சொன்னார்? இனிமே அந்த இடது காலால உதைச்சா நடக்கறதே கஷ்டம்னார்.

— அதனாலதானே விக்கறோம். நீயும்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்ற, வித்துத் தொலைங்கன்னு.

— சொன்னேன். காய்கறி விலை ஏறிப்போச்சுன்னுகூடத்தான் தினம் சொல்றேன். அதுக்காகச் சமைக்காமலா இருக்கேன்?

— எட்மண்ட் நல்லா வெச்சுக்குவார். போன ஞாயித்துக்கிழமை பார்த்தியா? ஒத்தை ஆளாவே ஸ்டார்ட் பண்ணிட்டார்.

— பார்த்தேன். நான் வழக்கம்போல வலது பக்கம் போய் நின்னேன். ‘நீங்க தள்ளிக்கங்க ஆன்ட்டி, நானே பார்த்துக்கறேன்’னார். இடுப்பால முட்டுக் கொடுத்தார், ஒரு கையால டாப்பைத் திறந்தார், ஒரே உதை. எனக்குக் கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல.

— அதான் உள்ள போயிட்டியா?

— அடுப்புல குழம்பு இருந்துச்சு.

— அன்னிக்குச் சர்ச்சுல விருந்து, யூனிஸ். நம்ம வீட்டுல அடுப்பே மூட்டல.

— மரம் வந்தாச்சு. நிறுத்துங்க.

— பிடிச்சுக்கோ, சாஞ்சுடப் போகுது. தண்ணி இருக்கா?

— பல்லாவரத்துல கிளம்பும்போது அக்கா கொடுத்தனுப்பின மோர் இருக்கு. குடிங்க. முழுசும் குடிச்சுடாதீங்க. ஏங்க, ஸ்கூல் திறந்ததும் எப்படிப் போகப்போறோம்?

— நான் ஏழு நாற்பது ரயில். நீ எட்டு மணி பஸ். ஊரே அப்படித்தான் போகுது.

— ஆமா, ஊரே போகுது.

— ஏன் ஒரு மாதிரியா சொல்ற?

— ஒண்ணுமில்ல. வீட்டுல நாம என்ன பேசிக்கறோம்னு ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். ‘உப்பு கம்மி.’ ‘கதவைச் சாத்து.’ ‘பால்காரன் வந்தானா?’ எல்லாம் பேப்பரைப் பார்த்துக்கிட்டே சொல்றது. காலையில வண்டிகிட்ட ‘திறந்தியா’ன்னு கேக்கறீங்க பாருங்க, அது ஒண்ணுதான் என் முகத்தைப் பார்த்துக் கேக்கறது.

— மழைக்காலத்துல நாலஞ்சு தடவை கேப்பேன். சீக்கிரம் பிடிக்காது.

— மழைக்காலம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

— ம். கிளம்பலாமா?

— கிளம்பலாம். மெதுவா. இப்ப அவசரம் ஒண்ணும் இல்லையே.

— சானடோரியம் வந்துட்டோம், பாரு. இன்னும் ஒரு மைல்தான்.

— மணி?

— அஞ்சே கால் தாண்டிடுச்சு.

— அப்ப வேன் கிளம்பியிருக்கும்.

— கிளம்பியிருக்கும்.

— உங்களுக்கு வருத்தமா இல்லையா?

— கால் வலிக்குது. வருத்தத்தை நாளைக்குப் பட்டுக்கறேன்.

— ஏங்க, நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— தள்ளிக்கிட்டே சொல்லேன்.

— இல்ல. நின்னு கேளுங்க. மதியம் பல்லாவரத்துல அக்கா வீட்டு வாசல்ல ‘திறந்தியா’ன்னு கேட்டீங்க.

— கேட்டேன்.

— நானும் ‘திறந்தேன்’னு சொன்னேன்.

— சொன்ன.

— திறக்கலைங்க. பொய் சொன்னேன். கார்புரேட்டர்ல மிச்சம் இருந்த பெட்ரோல்லதான் அவ்வளவு தூரம் வந்துச்சு. அக்கா வீட்டுத் தெருமுனையிலேயே நின்னுடும், நேரமாயி எட்மண்ட் போயிடுவார், வண்டியை அங்கேயே விட்டுட்டுப் பஸ் ஏறிடலாம்னு நினைச்சேன். அது பாட்டுக்கு ஓடுச்சு. நின்னதும் நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு பயந்தேன், நீங்க பிளக்கை ஊத ஆரம்பிச்சீங்க. அப்புறம் சொல்ல வாய் வரல. இந்தக் காலோட ரெண்டு மைல் உங்களைத் தள்ள வெச்சுட்டேனே, பாவி நான்! நாளையிலேருந்து நானே உதைக்கறேன். புடவையைச் செருகிக்கிட்டு உதைச்சுக் கத்துக்கறேன். நீங்க என் பக்கம் நின்னு டாப்பைத் திறங்க, போதும். ஏதாவது சொல்லுங்க. நல்லாத் திட்டுங்க. ஏங்க, எதுக்குச் சிரிக்கிறீங்க?

— வண்டி நின்னதும் முதல்ல டாப்பைத்தான் பார்த்தேன், யூனிஸ். மூடியிருந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் பிளக்கைக் கழட்டினேன்.